வழுவமைதி: ஒரு செயலியை வாசித்தல்

இலக்கிய இதழில் மொபைல் ஆப்புக்கு விமர்சனமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாவலுக்கு எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், நாலு வரிக் கவிதைக்கு நாற்பது பக்கம் எழுதுகிறோம். ஆனால் நம் ஆட்கள் ஒரு நாளில் அதிகம் பார்ப்பதும் படிப்பதும் கையிலிருக்கும் ஆறங்குலத் திரையைத்தான். அதில் வரும் ஒவ்வொரு பொத்தானையும், 'மீண்டும் முயற்சிக்கவும்' என்ற ஒவ்வொரு அறிவிப்பையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுதப்பட்ட எதையும் விமர்சிக்கலாம் என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

நான் எடுத்துக்கொள்ளும் பிரதியின் பெயர் என்.எம்.எம்.எஸ். தேசிய கைப்பேசிக் கண்காணிப்பு முறை. நூறு நாள் வேலைத் திட்டத்தில், நம்மூர்ப் பேச்சில் சொன்னால் 'ஏரி வேலை'யில், வருகைப் பதிவு எடுக்க ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கொண்டுவந்த செயலி. 2021 மே மாதம் அறிமுகமானது. 2022 மே 16 முதல் இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் கட்டாயம். கதைச் சுருக்கம் எளிமையானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை, வேலை செய்பவர்களை நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். படத்தோடு நேரமும் இடமும் பதிவாகும். அது சர்வருக்கு ஏற வேண்டும். ஏறினால் வருகை உண்டு. ஏறாவிட்டால் அன்றைய கூலி சிக்கல்.

அன்றைய கூலி என்பது தமிழ்நாட்டில் 2024-25இல் 319 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எண்களையெல்லாம் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

*

இந்தப் பிரதியை எந்த இடத்திலிருந்து வாசிப்பது என்பது முக்கியம். டெல்லியில், ஏசி அறையில், 5ஜி-யில் வைத்து வாசித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அமிர்தியிலிருந்து வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி. வேலூர்க்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஊர். 1967இல் தொடங்கிய சிறிய வன உயிரியல் பூங்கா, பின்னால் காட்டுக்குள் ஒரு அருவி, மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர். பசங்க பைக்கில் வருவார்கள், ரீல்ஸ் எடுப்பார்கள், கீழே இறங்கி வந்து சிக்னல் கிடைத்ததும் போஸ்ட் பண்ணுவார்கள். அமிர்தியைத் தாண்டி மலைப்பாதை ஏறுகிறது. நம்மியம்பட்டு, அதைத் தாண்டி ஜமுனாமரத்தூர். மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளி கிடையாது, மலையை ஆள்பவர் என்கிற மலையாளி. சாமை விதைப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், பருவத்துக்குக் கீழே இறங்கி வேறு மாவட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அப்படிப் போகாமல் ஊரிலேயே கொஞ்ச நாள் இருக்க வழி செய்வதுதான் ஏரி வேலை. தமிழ்நாடு முழுக்கவே அந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பான்மை பெண்கள்.

மலையில் சிக்னல் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி எந்நேரமும் வருகிற சமாச்சாரம் இல்லை. ஊற்று மாதிரி. ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு, இறங்கினால் ஒன்றுமில்லை. ரீல்ஸ் போடுகிற பையனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஒரு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொள்வான். நேரமும் இடமும் சேர்ந்து பதிவாக வேண்டிய படத்துக்கு இது வாழ்வா சாவா. நெட் இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஏற்றும் வசதி செயலியில் உண்டு. அமைச்சகம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வசதி இருக்கிறது என்பதும் அது வேலை செய்கிறது என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். பொறுப்பாளர் கையில் இருப்பது பல வருஷப் பழைய, விலை குறைந்த ஃபோன், பெரும்பாலும் சொந்த ஃபோன். குட்மார்னிங் படங்களால் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும். ஆப் அப்டேட் கேட்கும். அப்டேட்டுக்கு இடம் இருக்காது. இடம் காலி பண்ணினால் ஃபோனின் ஆண்ட்ராய்டு பழசு என்று சொல்லும்.

*

கொஞ்சம் மொழியைப் பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

செயலி ஓடாதபோது மக்கள் என்ன சொல்கிறார்கள்? 'நெட்டு சுத்துது.' 'சர்வர் டவுன்.' 'ஆப் எடுக்கல.' ரேஷன் கடையில் 'ரேகை விழல.' தாலுகா ஆபீசில் 'சிஸ்டம்ல காட்டல.' இந்த வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில்கூட மனிதர் எழுவாயாக இல்லை. நெட்டு சுத்துகிறது, ஆப் எடுக்கவில்லை, ரேகை விழவில்லை. மழை பெய்யவில்லை என்பது போல, இலை விழவில்லை என்பது போல. கோளாறு இயற்கையாகிவிட்டது. கோபப்பட ஆள் இல்லை.

'எடுக்கல' என்ற வினை எங்கிருந்து வந்தது? வண்டி எடுக்கல, மோட்டார் எடுக்கல. ஆனால் மோட்டார் எடுக்கவில்லை என்றால் மெக்கானிக் உண்டு. பிரித்துப் போட்டு, காயில் போயிருக்கு என்று கையில் எடுத்துக் காட்டுவார். ஆப் எடுக்கவில்லை என்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வட்டம்தான். அந்த வட்டம் ஒரு பொய்யும்கூட. உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. பல சமயம் உள்ளே எதுவுமே நடக்காது.

கணினித் தமிழ்க்காரர்கள் 'பக்' என்பதற்கு 'வழு' என்ற சொல்லை எடுத்தார்கள். தமிழாக்கங்களில் இவ்வளவு பொருத்தமாக விழுந்த சொல் குறைவு. பழைய இலக்கணத்தில் வழு என்றால் மொழியில் நேரும் பிழை. நன்னூல் மரபில் அது ஏழு வகை: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இலக்கணம் அதோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று இன்னொன்றும் வைத்திருக்கிறது. பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளலாம். வீட்டுப் பசுவை 'லட்சுமி வந்துட்டா' என்று சொல்வது திணை வழு. ஆனால் அதில் பிரியம் இருக்கிறது, அதனால் இலக்கணம் மன்னிக்கிறது.

இப்போது 2025 ஜூலைக்கு வாருங்கள். அதே ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. என்.எம்.எம்.எஸ் எப்படியெல்லாம் தவறாகப் பயன்படுகிறது என்று பட்டியல். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறியிருக்கின்றன. நேரடியாக ஆட்களை எடுக்காமல் பழைய படத்தைப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் தலைகளும் பதிவில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ஆண் பெண் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒரே ஆட்கள் பல வருகைப் பட்டியல்களில் இருக்கிறார்கள். காலைப் படத்தில் இருப்பவர்கள் வேறு, மதியப் படத்தில் இருப்பவர்கள் வேறு. மதியப் படமே ஏறவில்லை. எண்ணிப் பாருங்கள், சரியாக ஏழு. பால் வழு இருக்கிறது, கால வழு இருக்கிறது. வேலைக்கே சம்பந்தமில்லாத படத்தைத் திணை வழுவில் சேர்க்கலாமா மரபு வழுவில் சேர்க்கலாமா என்று புலவர்கள் பேசி முடிவு செய்யட்டும்.

படத்தைப் படமெடுப்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு செல்பேசியில் இருக்கும் பழைய குழுப் படத்தை இன்னொரு செல்பேசியால் எடுத்து, அந்த நேரமும் அந்த இடமும் முத்திரையாக விழ, சர்வருக்கு அனுப்புவது. செயலியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. நேரம் சரி, இடம் சரி, படம் இருக்கிறது. மனிதர் இருக்கிறாரா என்ற ஒரே கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அதை எழுதினார்கள்!

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கதை நடக்கும் வருடம் 2021. மக்கள் வணங்கும் தலைவர் ஜீவா வெறும் பிம்பம், ஹோலோகிராம் என்பது அதில் வரும் திருப்பம். நிஜ 2021இல் வந்த செயலியில் தலைவர்கள் எல்லாம் நிஜம்தான். பிம்பமாகிவிட்டது கூலி வேலை செய்கிறவர்கள். இதைச் சுஜாதாவால் ஊகித்திருக்க முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நம் அறிவியல் புனைவில் ஒரு பழக்கம் இருக்கிறது. இயந்திரம் ஒன்று அற்புதமாக இருக்கும், இல்லாவிட்டால் ராட்சசனாக இருக்கும். அரைகுறையாக வேலை செய்கிற, அப்டேட் கேட்கிற, மதியம் மூன்று மணிக்குத் தொங்கிவிடுகிற இயந்திரம் நம் கதைகளில் அபூர்வம். நாம் வாழ்வது அந்த மூன்றாவது இயந்திரத்தோடு.

*

கோளாறு மலைக்கு மட்டும் வருவதில்லை. பணக்காரக் கம்பெனிகளின் பணக்கார ஃபோன்களுக்கும் வருகிறது. 2011 ஜனவரி 1 அன்று ஐஃபோன்களில் ஒருமுறை மட்டும் அடிக்க வைத்த அலாரம் பலருக்கு அடிக்கவில்லை. வருஷம் பிறந்தது ஃபோனுக்குத் தெரியவில்லை. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 வந்தது, புதிய ஐஃபோன் 6 வாங்கியவர்களுக்கு சிக்னலே போனது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றது. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டில் வெப்வியூ என்ற, பயனர்களில் பெரும்பாலானோர் பெயர்கூடக் கேள்விப்படாத, ஒரு உள்பாகத்தின் அப்டேட்டால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்த உடனே மூடிக்கொண்டன. 2024 டிசம்பரில் ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு பிபிசி செய்தியைச் சுருக்குகிறேன் என்று நடக்காத ஒரு தற்கொலையை நடந்ததாக அறிவிப்பில் காட்டியது. பிபிசி புகார் செய்தது, 2025 ஜனவரியில் செய்திகளுக்கு அந்த வசதியை நிறுத்தி வைத்தார்கள்.

நம்மூர்க் கதை ஒன்றும் உண்டு, இன்றைய பசங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. 2018 ஆகஸ்ட்டில் இந்தியா முழுக்கப் பலருடைய ஃபோனில் அவர்கள் சேமிக்காத ஒரு எண் 'யுஐடிஏஐ' என்ற பெயரில் தொடர்புப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. ஆதார் நம்மை உளவு பார்க்கிறது என்று ஒரே களேபரம். கடைசியில் கூகுள் ஒத்துக்கொண்டது: இந்தியாவுக்கான ஆண்ட்ராய்டின் அமைவு நிரலில் 2014இல் தவறுதலாகச் சேர்ந்துவிட்ட பழைய உதவி எண் அது. நாலு வருஷம் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளில் இருந்த ஒரு வரி. யாரும் பார்க்கவில்லை.

மென்பொருள் நெருக்கடி என்ற சொல் புதிதில்லை. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நேட்டோ கூட்டிய மாநாட்டிலேயே இதைப் பேசிவிட்டார்கள். சோதனை செய்து வழு இருப்பதைக் காட்டலாம், வழு இல்லை என்பதைக் காட்டவே முடியாது என்று டைக்ஸ்ட்ரா அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். லெஸ்லி லாம்போர்ட் 1987இல் சொன்ன நகைச்சுவை இன்னும் கூர்மை. பரவல் கணினி முறை என்றால் என்ன? இருப்பதே உங்களுக்குத் தெரியாத ஒரு கணினி எங்கோ பழுதாகி, உங்கள் கணினி உபயோகமில்லாமல் போவது. அவர் கணினி விஞ்ஞானிகளுக்குச் சொன்னார். இன்று அது மலையில் மண்வெட்டியோடு நிற்கும் அக்காவைப் பற்றிய துல்லியமான விவரணை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்கள் திணறின. அன்று ஐதராபாத்திலிருந்து ஒரு பயணி போட்ட படம் வைரலானது, பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ். எல்லோரும் சிரித்தோம், ரசித்தோம். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி விழுந்த சில மணி நேரத்தில் கவுன்டரில் இருந்த ஊழியருக்குப் பேனா எடுக்க உரிமை இருந்தது. பயணி பறந்தார்.

ஏரி வேலையில் அந்தப் பேனா யாரிடம் இருக்கிறது? நெட்வொர்க் இல்லாதது போன்ற விதிவிலக்கான சூழலில் கையால் வருகை எடுக்க மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர், அதாவது ஆட்சியர், அனுமதிக்கலாம். அமிர்திக்கு அந்தப் பேனா வேலூரில் இருக்கிறது. ஜமுனாமரத்தூருக்குத் திருவண்ணாமலையில் இருக்கிறது. செயலி விழுவது மதியம் மூன்று மணிக்கு. நம்பகத்தன்மை என்று மென்பொருள்காரர்கள் எதைப் பேசினாலும், ஒரு சாமானியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பாதிக்குமேல் இந்தக் கேள்விதான்: விழுந்தால் யார் பேனா எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம்?

இங்கிலாந்துத் தபால் துறைக் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. மென்பொருளை நம்பினார்கள், ஆட்களை நம்பவில்லை. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நிலையப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு அனுமானம் உண்டு: வேறுவிதமாகக் காட்டப்படாதவரை கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும். நம்மூரில் அப்படிச் சட்டத்தில் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. 'சிஸ்டம்ல காட்டல' என்ற இரண்டு சொல் போதும்.

*

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காகிதம் யோக்கியமா? இல்லவே இல்லை. மஸ்டர் ரோலில் செத்தவர்கள் வேலை செய்திருக்கிறார்கள், ஊரை விட்டுப் போனவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் நடத்திய பொது விசாரணைகளில் செய்தது என்ன? மஸ்டர் ரோலை ஊர் நடுவில் வைத்துச் சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான். பெயர் படிக்கப்படும், அந்தப் பெயர்க்காரர் எழுந்து 'நான் அந்த வேலைக்கே போகலையே' என்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரைக்கும் போன இயக்கத்தின் தொழில்நுட்பம் அது. ஒரு பட்டியல், ஒரு குரல், கூடியிருக்கும் ஊர்.

அந்தத் தொழில்நுட்பத்துக்குச் சில குணங்கள் உண்டு. அதை ஓட்டுகிறவர்களுக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். பிழை வந்தால் பிழை எங்கே என்று கைகாட்ட முடியும். எல்லாவற்றையும்விட, பொய் சொன்னவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். செயலியிலும் ஒரு நல்லது உண்டு, மறைக்கக் கூடாது. படங்கள் பொது இணையத்தளத்தில் ஏறுகின்றன, யாரும் பார்க்கலாம். படத்தின் படங்கள் வெளிச்சத்துக்கு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஊரில் பாதிக்கப்பட்டவரிடம் அந்தத் தளத்தைத் திறக்க நெட் இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும், ஆங்கிலம் இருந்தால் இன்னும் நல்லது.

2025 ஜூலைச் சுற்றறிக்கை சொன்ன தீர்வு என்ன தெரியுமா? மனிதர்கள் பார்க்க வேண்டும். ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும், நூற்றுக்கு நூறு. வட்டார அளவில் 20 சதவீதம். மாவட்டத்தில் 10. மாநிலத்தில் 5. மனிதரை நம்ப முடியாது என்று செயலியைக் கொண்டுவந்து, செயலியை நம்ப முடியாது என்று மனிதரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுவில் நாலு வருஷம் போயிருக்கிறது. 2023இல் தொழிலாளர் அமைப்புகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தர்ணா இருந்து இந்தச் செயலிக்கு எதிராகவும் பேசினார்கள். அப்போது அவர்கள் தொழில்நுட்ப விரோதிகள் என்று படிக்கப்பட்டார்கள்.

ஒரு பிரதியாக என்.எம்.எம்.எஸ்ஸின் அடிப்படைக் குறை என்று நான் நினைப்பது இது. அதன் ஆசிரியர் மனதில் ஒரே ஒரு வில்லன்தான் இருக்கிறான்: கூலியைத் திருடும் ஆள். செயலியின் ஒவ்வொரு திரையும் அவனுக்காக எழுதப்பட்டது. நேர்மையான பொறுப்பாளர், நேர்மையான கூலிக்காரர், மோசமான சிக்னல் என்ற மூன்று பேர் சேர்ந்து வரும் காட்சி கதையில் இல்லவே இல்லை. ஆனால் ஜவ்வாது மலையில் தினசரி நடப்பது அந்தக் காட்சிதான். வில்லனோ வசதியாக இருக்கிறான். அவனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து படத்தைப் படமெடுக்கத் தெரியும். செயலி தடுக்க வந்தவனுக்கு ஓடுகிறது, தடுக்க வேண்டியில்லாதவருக்குச் சுற்றுகிறது.

*

அமிர்தியிலிருந்து மலையின் மறுபக்கம் போனால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரி 6 அன்று அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதே ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது.

வாயேஜரை ஏன் இழுக்கிறேன் என்றால், 1977இல் புறப்பட்ட அந்த விண்கலங்களின் கணினிகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 70 கிலோபைட் நினைவகம்தான். காலையில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. 2023 நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. சிக்னல் வந்தது, அர்த்தம் வரவில்லை. நினைவகத்தில் ஒரு சில்லு செத்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து மீதி நினைவகத்தில் இடம் மாற்றி எழுதினார்கள். 2400 கோடி கிலோமீட்டர் தூரம். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரலில் அது மீண்டும் புரிகிற மாதிரி பேசியது.

இந்த ஒப்பீடு அநியாயம் என்று தெரியும். இரண்டு கலங்களுக்கு ஒரு விஞ்ஞானிக் கூட்டமே காவல் இருக்கிறது. கோடிக்கணக்கான ஃபோன்களுக்கு அப்படி இருக்க முடியாது. பழசெல்லாம் பொன் என்ற புலம்பலும் எனக்கு ஒவ்வாது. நான் கவனிப்பது வேறு. வாயேஜரைக் கட்டியவர்கள் தொடர்பு அறுந்து போகும் என்பதைத்தான் இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டார்கள். தொடர்பு இல்லாத நேரத்தில் தானே என்ன செய்ய வேண்டும், எதைப் பத்திரப்படுத்த வேண்டும், தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய ஃபோன் மென்பொருள் தொடர்பு எப்போதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. இல்லாதது விதிவிலக்கு, அதற்கு ஒரு சுற்றும் வட்டம் போதும். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஓடுகிற மென்பொருள் எழுதத் தெரிந்த இனத்துக்கு நம்மியம்பட்டுப் பாதையில் ஓடுகிற மென்பொருள் எழுதத் தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2019இல் மார்ட்டின் கிளெப்மன் முதலியோர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து 'உள்ளூர் முதல்' மென்பொருள் என்ற பேச்சு பரவியது. தரவு முதலில் உங்கள் கருவியில் இருக்கும், அதுதான் மூலப் பிரதி. சர்வரில் இருப்பது நகல். நெட் இல்லாவிட்டாலும் வேலை முழுதாக முடியும், பிறகு பிரதிகள் தமக்குள் ஒத்துப்பார்த்துக்கொள்ளும். கணிமையின் எதிர்காலம் பற்றிப் பேசும் மேடைகளில் இதற்குக் கைதட்டல் குறைவு. ஏனென்றால் இதில் யார் மூலப்பிரதியை வைத்திருக்கிறார்களோ அவர்கள் கையில் அதிகாரமும் கொஞ்சம் போய்விடும்.

மேடையில் கைதட்டல் வேறொன்றுக்கு விழுகிறது. 2025 ஜூலை முதல் அங்கன்வாடிகளில் போஷன் டிராக்கர் செயலி வழியாக வீட்டுக்கு எடுத்துப்போகும் ஊட்டச்சத்துப் பொருளுக்கு முகம் காட்ட வேண்டும் என்றாக்கினார்கள். அந்த வருட இறுதியில் என்.எம்.எம்.எஸ்ஸிலும் முகம் பார்த்துச் சரிபார்க்கும் இ-கேஒய்சி வந்தது. டிசம்பரில் வேலைத் திட்டத்தின் சட்டமே மாறி, பயோமெட்ரிக் அடையாளமும் மோசடி கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவும் சட்டத்தின் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டன.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடக்கிறது. பழைய செயலியின் பிழை வழு. எங்கோ ஒரு வரி தப்பு, திருத்தினால் போய்விடும், கொள்கை அளவிலாவது. முகம் பார்க்கும் மென்பொருளில் அப்படி இல்லை. அது இந்த முகமும் அந்த முகமும் ஒன்று என்று சொல்வதில்லை. இவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று ஒரு எண்ணைத்தான் சொல்கிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆம், எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் இல்லை என்று ஒரு கோட்டை மனிதர்கள் போட வேண்டும். கோட்டை உயர்த்தினால் திருடன் குறைவான், நிஜ ஆள் வெளியே நிற்பார். இறக்கினால் நிஜ ஆள் உள்ளே வருவார், திருடனும் வருவான். இதில் பிழையே இல்லாத இடம் கிடையாது. எந்தப் பிழையை ஏற்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதாவது நேரடியாக வழுவமைதி. வெயிலில் கறுத்த முகம், ஆதார் எடுத்தபோது இருந்ததைவிடப் பத்து வருஷம் மூத்த முகம், முக்காடு, காட்டு நிழல், கீறல் விழுந்த கேமரா எல்லாம் அந்த எண்ணைக் கீழே இழுக்கும்.

இலக்கணத்தில் வழுவமைதிக்குக் காரணம் சொல்ல வேண்டும். உவப்பா, சிறப்பா, மரபா என்று உரையாசிரியர்கள் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையைக் கொடுத்திருந்தது. வெட்டிய வாய்க்காலின் நீளத்தை அளந்து பார்க்கலாம், பட்டியலைப் படிக்கச் சொல்லலாம். முகத்துக்குப் போட்ட கோடு எந்த எண்ணில் இருக்கிறது, அதை யார் போட்டார்கள், போன மாதம் எங்கள் ஊரில் எத்தனை பேரை அது 'இல்லை' என்றது என்றும் அதே கூட்டத்தில், அதே கணக்கில் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் இரண்டு கேள்விக்கு டெல்லியிலிருந்து பதில் வர வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு ஊர்க்காரர்களே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்: தேதி, பெயர், எத்தனை மணிக்கு, எத்தனை முறை முயற்சி செய்தார்கள், திரையில் என்ன வந்தது.